சேறு காட்டப் போன வக்கீல்

மாகாண வழக்கறிஞர் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் நிபுணர் கையேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நம்குங் ஹோ. சுற்றுச்சூழல் சட்ட நிபுணர். கடற்கரை, காற்று மாசு, கால்நடைக் கழிவு ஆகியவை தொடர்பான வழக்குகளில் ஆழ்ந்த அனுபவம் உடையவர். இயற்கை ஆர்வலர். பொழுதுபோக்கு: மலையேற்றம், பறவை நோக்குதல்."

இதில் பெயர் சரி.

நம்குங் ஹோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாடிப்படி ஏறினாலே இரண்டாம் தளத்தில் நின்று மூச்சு வாங்குவார். பறவைகளில் அவருக்கு நிச்சயமாக அடையாளம் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் பொரித்த நிலையில். சங்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, "பொழுதுபோக்குன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு சார், என்ன போடட்டும்?" என்று கேட்டபோது அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். "இந்தப் பகுதியில எல்லாரும் மலை, பறவைன்னுதான் குடுத்திருக்காங்க" என்றாள் அவள். "அப்ப அதையே போட்டுருங்கம்மா" என்றார்.

அனுபவத்தின் கதை இன்னும் விசேஷமானது. சட்டத் தேர்வை அவர் எட்டு முறை எழுதினார். ஐந்தாவது தோல்விக்கும் எட்டாவது முயற்சிக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், கார் விபத்து கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார். வேலை என்றால், காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பதுதான். எங்கே இடித்தது, யார் இடித்தார் என்பதையெல்லாம் மனிதர்கள் ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள். நேரத்தை மட்டும் அந்த நொடியில் உருவாக்குவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தக் கேள்வி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவருடைய திருமணப் பேச்சின்போது பெண்ணுக்கு ஜாதகம் பொருந்துகிறது என்று மாமியார் சொன்னதற்கும், "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டாராம். இதை அவர் மனைவி சொல்லாத விருந்தாளி கிடையாது.

நாற்பது வயதில் தேறினார். நாற்பது வயதுப் புது வக்கீலைப் பெரிய நிறுவனங்கள் எடுப்பதில்லை. மாவட்டத் தலைநகரில், பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் பலகை மாட்டினார். முதலில் வந்தவர் ஒரு பன்றிப் பண்ணைக்காரர். பண்ணையின் நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துக் குடியிருப்பில் முப்பத்தோரு வீட்டார் வழக்குப் போட்டிருந்தார்கள். அந்த முப்பத்தோரு வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே ஒரே வழக்காகப் போடாமல் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். நம்குங் ஹோ பன்றிகளின் பக்கம் நின்று முப்பத்தொன்றிலும் தோற்றார். சங்கத்தின் நிபுணர் படிவத்தில், இந்தத் துறையில் எத்தனை வழக்குகள் நடத்தினீர்கள் என்றுதான் கேள்வி. எந்தப் பக்கம் நின்றீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பண்ணை இருந்த தெருவுக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். அது மலைக்கு நடுவே போகிறது என்பதையும் யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் நோரிமோக் கிராமத்துப் பெண்கள் மூன்று பேர் ஒரு நாள் மாடியேறி வந்தார்கள்.

முன்னால் வந்தவள் போக்னாம். ஐம்பத்தெட்டு வயது, கடற்கூட்டுறவின் தலைவி, மட்டிச்சிப்பி வாரிச் சிவந்த கைகள். நோரிமோக்கின் முன்னால் கடல் வற்றும்போது மூன்று கிலோமீட்டருக்குச் சேறு விரியும். நாற்பத்து மூன்று குடும்பங்கள் அந்தச் சேற்றில் மட்டி வாரித்தான் பிழைக்கின்றன. அதைக் கல் கொட்டி அடைத்துத் தொழிற்பேட்டையாக்க ஒரு வளர்ச்சிக் கழகம் உரிமம் வாங்கியிருந்தது. 'அந்தச் சேற்றில் உயிரினங்கள் மிகவும் அரிதாகவே உள்ளன. ஆகவே இழப்பு ஏதுமில்லை' என்றது உரிமத்துக்கு ஆதாரமான ஆய்வறிக்கை. வரும் வசந்தத்தில் முதல் கல் விழும்.

"நாலு பேருக்குப் போன் போட்டோம் வக்கீலய்யா. மூணு பேரு எடுக்கல. நாலாவது ஆளு, எதிர்க்கட்சி வக்கீல் தன்கூடப் படிச்சவருன்னுட்டாரு. நீங்கதான் முதல் மணியிலேயே எடுத்தீங்க" என்றாள் போக்னாம்.

எடுத்ததற்குக் காரணம் அன்று வேறு வேலை இல்லாததுதான். நம்குங் ஹோவுக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் சோம்பல். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால். எனவே பன்றிக் கதையை முழுதாகச் சொன்னார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பன்னிக்காக முப்பத்தோரு தடவை நின்னவரு, மனுஷங்களுக்காக ஒரு தடவை நிக்க மாட்டீங்களா?" என்றாள் போக்னாம். அத்தோடு வழக்கு அவருடையதாகிவிட்டது.

அவர் கிராமத்துக்குப் போன முதல் நாளே இன்னொரு சங்கடம் தெரிந்தது. பெரிய கிண்ணத்தில் மட்டி போட்ட, கத்தியால் அரிந்த நூடுல்ஸ் ஆவி பறக்க வந்தது. நம்குங் ஹோவுக்கு மட்டி, நண்டு, இறால் எதுவும் ஆகாது, உதடு வீங்கிவிடும். யாருடைய மட்டிக்காக வழக்காடுகிறாரோ அந்த மட்டியைத் தொட முடியாத வக்கீல் என்றதும் கூடம் முழுக்கச் சிரிப்பு. மறுமுறை முதல் அவருக்கென்று நான்கு அவித்த முட்டைகள் தனியாக வந்தன. 'முட்டை வக்கீல்' என்று பெயரும் வந்தது. அவர் அதை மறுக்கவில்லை. கையேட்டில் இருந்ததைவிட இது பொருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது போக்னாம் கூட்டுறவின் நாள்காட்டி ஒன்றைக் கொடுத்தாள். அந்தக் கரையில் வீட்டுக்கு வீடு தொங்குவது: ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பொடி எழுத்தில் பிறைக்கணக்கு, கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம். மேலே ஒரு கணவாய் மீனின் படம். அவர் அதை அலுவலகச் சுவரில் மாட்டினார். பார்க்க அழகாக இருந்தது. பல் மருத்துவருடன் சந்திப்பு, வாய்தா தேதி எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அதில் எழுதிவைக்க வசதியாகவும் இருந்தது.

வழக்கு ஒன்பது மாதம் நடந்தது. கழகத்தின் வக்கீல் பெயர் சோல்; தலைநகரின் பெரிய நிறுவனத்திலிருந்து வந்தவர். முப்பத்தெட்டு வயது; அவர் நின்றாலே வாதாடுவது போலத் தெரியும். ஆய்வறிக்கையின் இரண்டாயிரம் பக்கங்களை நம்குங் ஹோ மூன்று முறை படித்தார். சட்டப் பிழையாக ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது: நீதிபதி சேற்றை நேரில் பார்க்கட்டும். ஒரு கொத்துக் கொத்தினால் பத்து மட்டி புரளும் இடத்தில் நின்றுகொண்டு 'உயிரினம் அரிது' என்று யாரால் எழுத முடியும்? மனுப் போட்டார். நீதிபதி யோம் அம்மையார் ஒப்புக்கொண்டார். "ஒரு முறைதான் வர முடியும்" என்று சொல்லியனுப்பினார். தேதி அக்டோபர் பதினான்கு. நேரத்தை நீங்களே சொல்லுங்கள் என்றார் நீதிமன்ற எழுத்தர். காலையில் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, சாவகாசமாக வந்துசேர எது தோது என்று நம்குங் ஹோ கணக்குப் போட்டார்.

"பிற்பகல் மூணு மணி" என்றார். சுவரில் இருந்த கட்டத்தில் சிவப்பாக எழுதியும் வைத்தார்.

போக்னாமிடம், "பதினாலாம் தேதி நீதிபதி வர்றாங்க" என்று சொன்னார். மணியைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பதினான்காம் தேதி பௌர்ணமிக்கு மறுநாள். அன்று சேற்றைப் பார்க்க வருகிறவர்கள் காலையில்தானே வருவார்கள்? சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்களா?

பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கே முப்பது பெண்கள் கொத்தும் கூடையுமாகச் சேற்றில் இறங்கி நின்றார்கள். நீதிபதி நடக்கப் பலகை போட்டார்கள். நல்ல இடமாகப் பார்த்துக் கொடி நட்டார்கள். பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். போக்னாம் பதினொரு முறை போன் செய்தாள். நம்குங் ஹோ நீதிபதியின் வண்டியில், மரியாதைக்காகப் போனின் வாயை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி தடுப்புச்சுவரின் அருகே நின்றது. வக்கீல் சோல் எல்லாருக்கும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்திருந்தார். விலைச்சீட்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நீதிபதி, எழுத்தர், இரண்டு கட்சி வக்கீல்கள் என்று எல்லாரும் பூட்ஸை மாட்டிக்கொண்டு சுவரின் மேல் ஏறி நின்றார்கள்.

எதிரே கடல். அடிவானம் வரை கடல். சுவரின் அடிக்கல்லில் அலை தட்டிக்கொண்டிருந்தது.

நம்குங் ஹோ வலதுபுறம் பார்த்தார், இடதுபுறம் பார்த்தார். மூன்று கிலோமீட்டர் சேற்றை யாரோ எடுத்துப் போய்விட்டது போல இருந்தது.

"வழக்குச் சொத்தைக் காணோமே" என்றார் சோல், மிகவும் பணிவாக.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "முட்டை வக்கீல் மீன் பிடிக்கக் கூட்டியாந்திருக்காரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. போக்னாம் அவர் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "வக்கீலய்யா, நிஜத்தைச் சொல்லுங்க. நீங்க யாரு பக்கம்? இன்னும் பன்னி பக்கமா?"

ஒரு முறைதான் வர முடியும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அந்த ஒரு முறை இதோ அலையடித்துக்கொண்டிருந்தது.

சோல் விடுவதாக இல்லை. "நீதிபதி அம்மா, கள ஆய்வுக் குறிப்பில் இதைத் தெளிவாகப் பதிவுசெய்ய வேண்டுகிறேன். பிற்பகல் மூன்று மணி. தளம் முழுவதும் நீர். கால் வைக்க முடியாத ஆழம். சுவரிலிருந்து ஐம்பது மீட்டரில் உள்ள இரும்புக் கம்பத்தின் நுனி மட்டுமே தெரிகிறது. கம்பத்தின் உயரம் என்னவாம்?"

"நாலு மீட்டரு" என்றாள் போக்னாம் வெறுப்போடு.

"நான்கு மீட்டர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் உண்டா?"

"இல்லை" என்றார் நம்குங் ஹோ. வேறு என்ன சொல்வது? எழுத்தர் படம் எடுத்துக்கொண்டார், எழுதிக்கொண்டார்.

"பௌர்ணமிக்கு மறுநா மத்தியானம் சேறு பார்க்க எவன் வருவான்?" போக்னாம் இப்போது கடலைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க ஊரு நாய்கூட வராது."

பழைய மேசையின் பழக்கம் நம்குங் ஹோவின் வாயிலிருந்து தானாக வந்தது. "எத்தனை மணிக்கு?"

"என்னது எத்தனை மணிக்கு? மத்தியானம் ரெண்டுலேருந்து பொழுது சாயற வரைக்கும் தண்ணிதான்."

"இந்த மாசம் மட்டுமா?"

"எல்லா மாசமும்தான்! பௌர்ணமிக்கு மறுநான்னா அப்படித்தான். எங்கம்மா காலத்துலயும் அப்படித்தான். நிலா மாறுமா, கடல் மாறுமா? உங்க சுவத்துல தொங்குதே, அதுல என்னத்தைத்தான் பாக்கறீங்க?"

வெட்கத்தை மறைக்க ஒரு மனிதனுக்குக் காகிதத்தைப் புரட்டுவதைவிட நல்ல வழி கிடையாது. நம்குங் ஹோ பையிலிருந்து ஆய்வறிக்கையின் பின்னிணைப்பை எடுத்துப் புரட்டினார். எதையும் தேடவில்லை. சேற்றில் தோண்டிய இருபத்து நான்கு குழிகளின் பட்டியல் கண்ணில் பட்டது. மூன்று முறை படித்த பட்டியல்தான். முதல் குழி: பிப்ரவரி இருபது, பிற்பகல் 2.40. இரண்டாவது: 2.44. நான்கு நான்கு நிமிடமாக இறங்கி, இருபத்து நான்காவது: 4.12. முறை: நடந்து சென்று, கைக்கருவியால் தோண்டுதல்.

மூன்று முறையும் அவருக்கு அந்த நேரம் உறுத்தவில்லை. காலையில் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, சாவகாசமாக வந்துசேரும் நேரம் அது. நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கும் எவருக்கும் நியாயமாகத் தோன்றும் நேரம்.

"அக்கா, இந்த வருஷம் பிப்ரவரி இருபது, பிறைக்கணக்குல என்ன நாள்?" என்றார்.

"இப்ப இது எதுக்கு?"

"சொல்லுங்க."

ஒரு பெண் குறுக்கே வந்தாள். "பத்தொம்பதுதானே பெரிய பௌர்ணமி, பிறைவருஷத்து மொத பௌர்ணமி? அஞ்சு தானியச் சோறு பொங்கினோமே."

"ஆமாமா, உன் வீட்டுக்காரரு குடிச்சிட்டு மேளத்துமேல விழுந்தாரே, அன்னிக்குத்தான்."

"உன் வீட்டுக்காரரு மட்டும் நிமிந்து நின்னாராக்கும்?"

"அப்ப இருபது..." என்று ஆரம்பித்த போக்னாம் நிறுத்திக்கொண்டாள். அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தாள். பிறகு கம்பத்தின் நுனியைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"இவனுங்க மீனா?" என்றாள்.

நம்குங் ஹோ நீதிபதியிடம் போய்ப் பட்டியலை நீட்டினார். இன்று பௌர்ணமிக்கு மறுநாள் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றார். பிப்ரவரி இருபதும் பௌர்ணமிக்கு மறுநாள் என்றார். அதே நேரம், அதே இடம். எதிர்த்தரப்பு நண்பர் இப்போது பதிவுசெய்ய வைத்த அதே ஆழம். அந்த ஆழத்தில் இருபத்து நான்கு குழி, நான்கு நிமிடத்துக்கு ஒன்று.

சோல் முதல் முறையாகச் சற்று வேகமாகப் பேசினார். "நேரத்தைத் தட்டச்சு செய்ததில் பிழை இருந்திருக்கலாம்."

"இருபத்து நான்கு வரியிலுமா?" என்றார் நீதிபதி யோம். பிறகு நம்குங் ஹோவின் பக்கம் திரும்பினார். விலைச்சீட்டு தொங்கும் பூட்ஸோடு நின்றாலும் அவர் பார்வை நீதிமன்றத்தில் இருப்பது போலவே இருந்தது. "வழக்கறிஞர் நம்குங், இன்று இந்த நேரத்தைக் குறித்தவர் நீங்கள். இதைக் காட்டத்தான் வேண்டுமென்றே குறித்தீர்களா?"

போக்னாம் பின்னாலிருந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஆமான்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். "தெரிஞ்சேதான் செஞ்சேன்னு சொல்லுங்கய்யா."

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மாகாணத்திலேயே கெட்டிக்கார வக்கீலாகியிருப்பார். இல்லை என்றால், கடல் வழக்கை எடுத்துக்கொண்டு கடல் எப்போது வற்றும் என்று பார்க்காத நிபுணர் என்று எழுத்தரின் குறிப்பில் நிரந்தரமாக ஏறுவார்; சோல் அதை ஊரெல்லாம் சொல்வார். நம்குங் ஹோ கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

"இல்லைங்க அம்மா. எனக்குத் தெரியாது. என் அறையில, நாற்காலியில உக்காந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தோதா இருக்கும்னு மூணு மணி போட்டேன். இந்த ஊர்ல ஒரு குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. இங்க ஒரு தடவை சேத்துல இறங்கினவங்க யாரும் செய்ய மாட்டாங்க. வராம உக்காந்து எழுதறவங்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். நான் செஞ்சேன், அதனால எனக்குத் தெரியுது. இந்தப் பட்டியலை எழுதினவரும் அப்படித்தான் உக்காந்திருந்திருக்காரு."

நீதிபதி தண்ணீரை ஒரு முறை பார்த்தார். "இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் எழுத்தரிடம். "அவர் சொன்னபடியே."

பிறகு நடந்தது அதிகம் நீளாத கதை. நீதிமன்றம் கடல் அளவைத் துறையிடம் கணக்குக் கேட்டது. பிப்ரவரி இருபது பிற்பகலில் நோரிமோக்கில் கடல் முழு ஏற்றத்தில் இருந்தது என்று பதில் வந்தது. ஆய்வு நிறுவனத்தின் ஊழியர் சாட்சிக் கூண்டில் இரண்டாம் கேள்வியிலேயே உடைந்தார்: தடுப்புச்சுவர் வரை காரில் வந்தார்களாம், தண்ணீரைப் பார்த்தார்களாம், வேறொரு விரிகுடாவின் பழைய கணக்கை எடுத்துத் தேதியை மாற்றினார்களாம். உரிமம் ரத்தானது, மேல்முறையீட்டிலும் ரத்தாகவே நின்றது. வசந்தத்தில் கல் விழவில்லை.

தீர்ப்பு வந்த அன்று நம்குங் ஹோ சுவரிலிருந்த நாள்காட்டியின் அக்டோபர் பக்கத்தைக் கடைசியாக ஒரு முறை கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பதினான்காம் கட்டத்தில் 'மூணு மணி, நீதிபதி' என்ற சிவப்பு எழுத்துக்கு அடியில் பொடியாக ஏதோ அச்சாகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். கடல் ஏற்றம், 3.52.

உள்ளூர்ப் பத்திரிகை அவரை வலை விரித்த வழக்கறிஞர் என்று புகழ்ந்தது. அவர் மறுப்பு எழுதி அனுப்பினார். இடமில்லை என்று போடவில்லை. நோரிமோக்கில் அந்தப் பத்திரிகையை எல்லாரும் படித்துவிட்டு அவரையே கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வெற்றி விருந்துக்குக் கிராமம் முழுக்க மட்டி வெந்தது. அவருக்கு ஒரு கூடை முட்டை. "வர வேண்டிய நேரத்தை இப்பவாவது கேட்டுட்டு வந்தீங்களே" என்றாள் போக்னாம், உரித்துக் கொடுத்துக்கொண்டே.

இந்த ஆண்டுக் கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: "புதுமையான கள ஆய்வு உத்திகளில் வல்லவர்." அதையும் நீக்கச் சொல்லி அவர் போன் செய்தார். "அப்ப அந்தக் கட்டத்துல என்ன சார் போடறது?" என்று கேட்டாள் அதே பெண். அவர் நடந்ததைச் சொன்னார். அவ்வளவு நீளம் கொள்ளாது என்றாள்.

அவ்வளவு நீளமும் இல்லை. நம்குங் ஹோ ஒரு நீதிபதியைத் தவறான நேரத்தில் கடலுக்குக் கூட்டிவந்தார்; ஏன் என்று கேட்டபோது, தெரியாமல் செய்தேன் என்று சொன்னார்.